தங்க, வெள்ளி நாணயம் சேர்க்கத் தொடங்குகிறவருக்கு: உலோகத்துக்கு எவ்வளவு, நாணயத்துக்கு எவ்வளவு?

மாதம் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிகிறது, அதில் தங்க நாணயமும் வெள்ளி நாணயமும் சேர்க்க ஆசை, பொழுதுபோக்காகவும் இருக்க வேண்டும், பிற்காலத்துக்கு ஒரு சிறு சேமிப்பாகவும் இருக்க வேண்டும், எதில் தொடங்குவது, ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதிலேயே ஊறிக் கிடக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாணயத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம் இரண்டு பங்காகப் பிரிகிறது. ஒரு பங்கு அதிலுள்ள உலோகத்துக்கு. மறு பங்கு அது நாணயமாக இருப்பதற்கு, அதாவது அதன் அச்சு, வயது, அரிய தன்மை, நிலை, விற்பவரின் லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. உலோகப் பங்கு உலகச் சந்தையோடு ஏறும், இறங்கும். ஆனால் எங்கே போனாலும் அதற்கு விலை உண்டு. மறு பங்கு, அந்த நாணயத்தை உங்களைப் போலவே விரும்பும் இன்னொருவர் கிடைத்தால்தான் திரும்பி வரும். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு நாணயத்துக்கும் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். பணம் இழந்த சேகரிப்பாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போலி வாங்கி இழந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மறு பங்குக்குக் கொடுத்ததை எல்லாம் தங்கத்தில் போட்ட பணம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களே அதிகம்.

கணக்கு எளிது. எடையை மாற்றால், அதாவது உலோகம் எத்தனை பங்கு சுத்தம் என்ற அளவால் பெருக்கி, அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு வந்துவிடும். கவனிக்க வேண்டியது எடையின் அலகு. தங்கம், வெள்ளியில் அவுன்ஸ் என்றால் டிராய் அவுன்ஸ், 31.1035 கிராம். மற்ற பொருள்களுக்குப் புழங்கும் அவுன்ஸ் 28.35 கிராம்தான். இரண்டையும் குழப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் 22 காரட், 24 காரட் பற்றியது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகெராண்ட் 22 காரட். அதனால் அதில் தங்கம் குறைவு என்று பலர் ஒதுக்குகிறார்கள். உண்மையில் அதன் மொத்த எடை 33.93 கிராம். செம்பு போக மிஞ்சும் தங்கம் சரியாக ஒரு டிராய் அவுன்ஸ். அமெரிக்கன் ஈகிளும் அப்படியே. கனடாவின் மேப்பிள் லீஃப் 9999 மாற்று, எடையே ஒரு அவுன்ஸ்தான். தங்கம் மூன்றிலும் ஒரே அளவு. வேறுபாடு கையில் எடுத்துப் பார்க்கும்போது தெரியும்: செம்பு கலந்தது சற்றே சிவந்து, உறுதியாக இருக்கும், மேப்பிள் லீஃப் வெளிர் மஞ்சள், மென்மை. விரல் ரேகை பட்டால் படிந்துவிடும், உரசினால் கீறல் விழும். அடிக்கடி எடுத்துப் பார்த்து மகிழ்கிறவராக இருந்தால் 22 காரட் நாணயமே உங்களுக்குத் தோது.

முதலீட்டுக்கென்றே அடிக்கப்படும் இந்த வகையைப் புல்லியன் நாணயம் என்கிறோம். இந்தச் சந்தையைத் திறந்துவிட்டது 1967-ல் வந்த க்ரூகெராண்ட். அதில் முகமதிப்பே, அதாவது பொறித்த பண மதிப்பே இருக்காது, ஒரு அவுன்ஸ் நல்ல தங்கம் என்று மட்டும் எழுதியிருக்கும். அப்புறம் 1979-ல் மேப்பிள் லீஃப், 1982-ல் சீனாவின் பாண்டா, 1986-ல் அமெரிக்கன் ஈகிள், 1987-ல் பிரிட்டானியா, 1989-ல் வியன்னா பில்ஹார்மோனிக். தங்கம் வாங்குவதே நோக்கம் என்றால் உலோக மதிப்புக்கு மேல் கேட்கும் கூடுதல் விலை இவற்றில் எதற்கு மிகக் குறைவோ அதை எடுங்கள். ஆண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாண்டா மட்டும் கொஞ்சம் தனி. பெரும்பாலும் ஆண்டுக்கொரு புதுப் படம் வருவதால் அதற்கென்றே சேகரிப்பாளர்கள் உண்டு. 2016 முதல் அதை அவுன்ஸ் கணக்கில் அடிப்பதில்லை, 30 கிராம் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பாண்டாவையும் புதியதையும் ஒரே விலையில் ஒப்பிடுகிறவர்கள் இந்த ஒரு கிராமைத் தவறவிடுகிறார்கள்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தங்க நாணயத்தின் உலோக மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். 106 கொடுத்து வாங்குகிறீர்கள். அன்றே திருப்பி விற்றால் 98 தருகிறார்கள். தங்கம் 8 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும். வெள்ளியில் இடைவெளி இன்னும் பெரிது. ஒரு நாணயத்தை அடிக்கும் செலவு, தங்கமானாலும் வெள்ளியானாலும் பெரிதாக மாறுவதில்லை. விலை குறைந்த உலோகத்தின் மேல் அந்தச் செலவு ஏறும்போது சதவீதம் எகிறிவிடுகிறது. 100 மதிப்புள்ள வெள்ளியை 125 கொடுத்து வாங்கி 100-க்கு விற்கிற நிலை வந்தால், வெள்ளி கால் பங்கு ஏறினால்தான் முதல் தேறும். அதே காரணத்தால் கால் அவுன்ஸ், பத்தில் ஒரு பங்கு அவுன்ஸ் தங்க நாணயங்களுக்கும் கிராமுக்குக் கொடுக்கும் கூடுதல் அதிகம். சிறியதாக நிறைய வாங்குவதைவிட இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பெரியதாக ஒன்று வாங்குவது பெரும்பாலும் லாபம். பல நாடுகளில் முதலீட்டுத் தங்கத்துக்கு விற்பனை வரி இல்லை, வெள்ளிக்கு உண்டு. வரி இருக்கும் இடத்தில் இடைவெளி மேலும் விரியும். உங்கள் நாட்டு விதியை முதல் வாங்கலுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேமிப்பு என்று சொன்னதால் விலையின் வரலாற்றையும் பார்த்துவிடுங்கள். 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலரைத் தொட்டது. அன்று வாங்கியவர் அதே எண்ணை மறுபடி பார்க்க 2008 ஜனவரி வரை காத்திருந்தார். இடையில் 1999-ல் 255 டாலருக்கும் கீழே போனது. வெள்ளி இன்னும் முரட்டுத்தனம். 1980 ஜனவரியில் ஹண்ட் சகோதரர்கள் என்ற அமெரிக்கச் செல்வந்தர்கள் வாங்கிக் குவித்ததில் 50 டாலரை நெருங்கியது. மார்ச் இறுதிக்குள் 11 டாலருக்கும் கீழே சரிந்தது. 2011-ல் மறுபடி 50 டாலர் பக்கம் வந்து, 2015-ல் 14 டாலருக்குக் கீழே இறங்கியது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நாணயம் வட்டி தராது, ஈவுத்தொகை தராது, விலை ஏறினால் மட்டுமே பலன். அவசரத்துக்குத் தேவைப்படும் பணத்தை இதில் போடக் கூடாது. பத்து, பதினைந்து ஆண்டு தொடாமல் வைக்க முடிகிற பணத்தை, விலை ஏறும்போது அள்ளாமல் இறங்கும்போது ஒளியாமல், ஒரே சீராகப் போட்டு வருகிறவருக்குத்தான் இது ஒத்துவரும்.

சரி, மறு பங்குக்கு வருவோம். இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் மார்கன் டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-லும் அடிக்கப்பட்ட பெரிய வெள்ளி நாணயம். எடை 26.73 கிராம், மாற்று 900 (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி), குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். 1921-ஆம் ஆண்டு டாலர் கோடிக்கணக்கில் இருக்கிறது; தேய்ந்த ஒன்றுக்கு வெள்ளி மதிப்புக்குச் சற்று மேலே கொடுத்தால் போதும். 1893-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு லட்சம் மட்டுமே. அதே வெள்ளி, அதே எடை. விலை எங்கேயோ இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது முன்பக்கத்து ஆண்டும், பின்பக்கத்தில் மலர்வளையத்துக்குக் கீழே இருக்கும் ஒரு கடுகளவு எஸ் எழுத்தும். அந்த எழுத்தை வேறு நாணயத்திலிருந்து செதுக்கி எடுத்து ஒட்டி விற்றவர்கள் உண்டு. எழுத்தைச் சுற்றிலும் உருப்பெருக்கியால் பாருங்கள். அச்சில் பிறந்த எழுத்து தரையிலிருந்து வளைந்து எழும்பும். ஒட்டிய எழுத்தின் அடியில் மெல்லிய கோடு ஓடும்.

அரிது என்று ஊரே சொல்வதும் நிலையானதல்ல. 1903-ல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த மார்கன் டாலர் இந்த வரிசையிலேயே கிடைப்பதற்கு மிகக் கடினமானது என்று 1962 வரை எல்லோரும் நம்பினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கருவூலப் பெட்டகத்திலிருந்து மூட்டை மூட்டையாக அது வெளியே வந்தது. பெரும் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் போட்ட பணத்தில் பெரும் பகுதியை இழந்தார்கள். மறுபுறம், 1918-ல் வந்த பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எந்த ஆண்டு நாணயம் எத்தனை உருகியது என்ற கணக்கு இல்லை. ஆகவே அடிக்கப்பட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்து அரிது என்று முடிவு கட்டாதீர்கள். இன்று எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. மிகக் குறைந்த எண்ணிக்கையில் அடித்தும் தேட ஆளில்லாமல் கிடக்கும் நாணயங்கள் ஏராளம்.

நிலை என்பது அடுத்த படி. மார்கன் டாலரில் முதலில் தேய்வது முன்பக்கத்துப் பெண்ணின் காதுக்கு மேலுள்ள முடியும் பின்பக்கத்துக் கழுகின் மார்பும். அந்த இரண்டு இடங்களையும் சாய்ந்த ஒளியில் பாருங்கள். மார்பில் இறகு வரிகள் தெரிந்தால் நல்ல நிலை. வழுவழுவென்று இருந்தால் நிறையக் கை மாறியிருக்கிறது. புழங்காத நாணயத்தை விளக்கடியில் மெதுவாகச் சுழற்றினால் ஒளிக்கோடு ஒன்று ஆரக்கால் போல வட்டமாகச் சுற்றிவரும். அச்சு விழும்போது உலோகம் வெளிநோக்கி வழிந்த நுண்ணிய வரிகள் தரும் ஒளி அது. ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது. இந்த ஒளியைக் கண்ணுக்குப் பழக்குவதற்கு நீங்கள் செலவிடும் நேரம் எந்த விலைப்பட்டியலையும்விட உங்களுக்கு உதவும்.

அதனால்தான் சுத்தம் செய்யாதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சிச் சொல்வேன். தொடங்கிய புதிதில் கருநீலமும் பொன்னிறமும் படர்ந்த ஒரு வெள்ளி டாலர் என்னிடம் வந்தது. அழுக்கு என்று நினைத்துச் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் பளீரென்று வெளுத்தது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போய் ஒரு பெரியவரிடம் காட்டினேன். விளக்கடியில் திருப்பிப் பார்த்தார், சுற்ற வேண்டிய ஒளி சுற்றவில்லை, மேற்பரப்பு முழுவதும் மயிரிழைக் கீறல்கள். "இனிமேல் இது வெள்ளி மட்டும்தான், தம்பி" என்றார். வெள்ளியின் மேல் கந்தகம் படிந்து உண்டாகும் அந்த நிறத்துக்குக் கூடுதல் விலை தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த டாலரை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒட்டிக்கொண்ட பச்சைப் பிசுக்கு ஒன்றைத்தான் நீக்கலாம். அதற்கும் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுத்து, தேய்க்காமல் காற்றில் உலர விட வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

உங்களைப் போல இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு என் மனதுக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. புல்லியனுக்கும் அரிய நாணயத்துக்கும் நடுவே, உலோக மதிப்பை ஒட்டியே கிடைக்கும் பழைய தங்க நாணயங்கள். பிரிட்டிஷ் சாவரின் அதில் முதன்மையானது. நாம் சவரன் என்றும் பவுன் என்றும் சொல்கிறோமே, அந்தச் சொற்களே இந்த நாணயத்திலிருந்து வந்தவைதான். அதன் எடை 7.988 கிராம், நம் சவரன் எட்டு கிராம். 22 காரட், அதில் 7.32 கிராம் சுத்தத் தங்கம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். இப்போதைய வடிவம் 1817-ல் தொடங்கியது. பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி செதுக்கிய புனித ஜார்ஜ், குதிரை மேல் அமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் அதே படம் இன்றும் வருகிறது.

இதன் அழகு, அதே சின்ன வட்டத்துக்குள் இருக்கும் வகைகள். விக்டோரியாவின் இளமை முகம், 1887 முதல் பொன்விழாக் கிரீடம் வைத்த முகம், 1893 முதல் முக்காடிட்ட முதுமை முகம்; அப்புறம் ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ். லண்டனில் மட்டும் அடிக்கவில்லை. சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா, 1918-ல் ஓராண்டு மட்டும் பம்பாய். பெரும்பாலும் குதிரையின் கால் நிற்கும் தரையில், ஆண்டுக்கு மேலே, ஊரின் அடையாள எழுத்து இருக்கும், பம்பாய்க்கு ஐ. புழக்கத்தில் தேய்வதற்கும் சட்டம் எல்லை வைத்திருந்தது: 7.938 கிராமுக்குக் கீழே போனால் அது செல்லுபடியாகும் நாணயம் இல்லை. நூறு ஆண்டுக்கு மேல் பழைய சாதாரண ஆண்டு சாவரின்கள் பல நேரம் புதிய சாவரினை விடக் குறைந்த கூடுதல் விலைக்கே கிடைக்கின்றன. முகத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று ஒரு வரிசை வைத்துச் சேர்த்தால் நீங்கள் போட்ட பணத்தில் பெரும் பங்கு தங்கமாகவே நிற்கும், தேடும் சுகமும் கிடைக்கும்.

சாவரின் விலை எட்டாவிட்டால் 20 பிராங்க் தங்க நாணயம். 1865-ல் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து நான்கும் சேர்ந்து லத்தீன் நாணய ஒன்றியம் அமைத்தன. பிறகு கிரேக்கமும் சேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே எடை, ஒரே மாற்று: 6.45 கிராம், 900, குறுக்களவு 21 மில்லிமீட்டர், 5.8 கிராம் சுத்தத் தங்கம். ஒரு நாட்டு நாணயம் மற்ற நாட்டிலும் செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு. பிரான்சின் சேவல், சுவிட்சர்லாந்தின் பின்னலிட்ட பெண், பெல்ஜியத்தின் தாடி வைத்த அரசர் என்று ஒரே அளவில் ஐரோப்பாவே ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்துவிடும். என்னுடைய சேகரிப்பில் வீட்டுக்கு வருகிறவர்கள் அதிக நேரம் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான்.

வெள்ளியில் இதற்கு இணை, ஒரு காலத்தில் சாதாரணமாகப் புழங்கிய காசுகள். அமெரிக்காவின் பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட், அரை டாலர் எல்லாம் 1964 வரை 900 மாற்று வெள்ளி. பிரிட்டனின் வெள்ளிக் காசுகள் 1919 வரை 925, 1920 முதல் பாதிதான் வெள்ளி, 1947 முதல் வெள்ளியே இல்லை. ஆண்டைப் பார்த்தாலே மாற்று தெரிந்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு நல்ல பாடம். தேய்ந்தவற்றை எடைக்கு வாங்கி, அமர்ந்து பிரித்துப் பாருங்கள். கண் பழகுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

ஒரு எச்சரிக்கை: நாணயத்தில் இருக்கும் ஆண்டு அது பிறந்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர் என்ற வெள்ளி நாணயம் பெரும்பாலானவற்றில் 1780 என்றே இருக்கும். அரசி இறந்த ஆண்டு அது. வணிகர்கள் அந்த முகத்தைத்தான் நம்பினார்கள் என்பதால் அதற்குப் பிறகும் அதே ஆண்டோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1915 என்று பொறித்த ஆஸ்திரியத் தங்க நாணயமான டுகாட்டும் மறு அச்சுதான். உலோகத்துக்காக வாங்க இரண்டும் அருமை. இருநூறு ஆண்டுப் பழமை என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

இனி போலிகள். ஒரு முறை எனக்கு வந்த, டிரேடு டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளி நாணயம், பார்க்க மிக நேர்த்தி, லேசாகக் கருத்து, வயதானது போலவே இருந்தது. தராசில் வைத்தேன். 27.22 கிராம் இருக்க வேண்டியது 23.6 காட்டியது. அதோடு முடிந்தது. பெரும்பாலான போலிகள் இப்படித்தான், முதல் தேர்விலேயே தோற்றுவிடும். ஆகவே முதல் நாணயத்துக்கு முன்பே மூன்று பொருள்களை வாங்குங்கள்: 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, குறுக்களவும் தடிமனும் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கி.

எடையும் அளவும் சேர்ந்தே பொருந்த வேண்டும் என்பதுதான் சூட்சுமம். தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளி 10.5, ஈயம் 11.3, செம்பு 9-க்கும் கீழே. பித்தளையில் தங்க முலாம் பூசி அதே அளவில் செய்தால் எடை பாதிதான் வரும். எடையைச் சரிக்கட்டினால் தடிமன் இரட்டிப்பாகும். இரண்டில் ஒன்று காட்டிக்கொடுத்தே தீரும். சந்தேகம் மிஞ்சினால் நீரில் போட்டுப் பாருங்கள். ஒரு சிறு கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண் நாணயத்தின் கன அளவு. சாவரினுக்கு அது 0.45 அளவில் வரும். 7.99-ஐ 0.45-ஆல் வகுத்தால் 17.8, செம்பு கலந்த 22 காரட் தங்கத்துக்குப் பொருத்தம். தராசு 0.01 பிசகினாலும் விடை 17.4-லிருந்து 18.2 வரை நகரும் என்பதால் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்குக் கெடும். மார்கன் டாலருக்கு நீரில் 2.59 வர வேண்டும். டாலர் பெரியது என்பதால் அதில் பிசகு குறைவு.

டங்ஸ்டன் மட்டும் விஷமம். அதன் அடர்த்தி 19.25, தங்கத்தோடு ஏறத்தாழ ஒட்டி நிற்கிறது. சுத்தத் தங்கம் என்று சொல்லி உள்ளே டங்ஸ்டன் வைத்தால் நீர்ச் சோதனை பிடிக்காது. அதற்குத் தட்டிக் கேட்பது உதவும். விரல் நுனியில் நாணயத்தை நிறுத்தி இன்னொரு நாணயத்தால் லேசாகத் தட்டினால் நல்ல நாணயம் மணி போல நீண்டு ஒலிக்கும். உள்ளே வேறு உலோகம் வைத்து மூடியது பெரும்பாலும் மொத்தென்று அடங்கும். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு என்று உடனே தெரியும், ஆனால் ஒட்டாததால் மட்டும் நல்லது ஆகிவிடாது. செம்பும் பித்தளையும் ஒட்டாது. சக்தி வாய்ந்த காந்தத்தைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் வெள்ளி நாணயத்தை விட்டால் தயங்கித் தயங்கி இறங்கும். இது செம்பிலும் நடக்கும் என்பதால் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டிய போலியும் ஒன்று இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், நல்ல தங்கத்திலேயே, சரியான எடையிலேயே போலி சாவரின்கள் அடிக்கப்பட்டன. தங்கத்தைப் போட்டுப் போலி செய்து என்ன லாபம் என்று தோன்றும். சந்தையில் சாவரின் தன் தங்கத்தின் மதிப்பைவிட அதிக விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடைவெளிதான் லாபம். தொடக்கத்தில் நான் சொன்ன மறு பங்கை மட்டும் போலி செய்திருக்கிறார்கள்! அதை எதிர்கொள்வதும் ஒரு காரணமாக, 1957-ல் பிரிட்டனின் நாணயச் சாலையான ராயல் மின்ட் மறுபடி சாவரின் அடிக்கத் தொடங்கியது. இந்த வகைப் போலியை எழுத்துகளின் கூர்மை, விளிம்பு வரிகளின் சீர், அச்சின் துல்லியம் இவற்றை நல்ல நாணயத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். விலையுயர்ந்த அரிய நாணயத்தை இந்த நிலையில் நீங்களே முடிவு செய்ய வேண்டாம். 1980-களில் தொடங்கிய பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரை தரம் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் மூடித் தருகின்றன. கூட்டில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள நாணயத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். கூட்டையே போலி செய்கிற காலம் இது. சாதாரண சாவரினுக்கோ புல்லியனுக்கோ கூடு வேண்டியதில்லை. அந்தச் செலவு திரும்பி வராது.

எதை வாங்கக் கூடாது என்று கேட்டால், பெட்டியும் சான்றிதழும் வைத்து, குறைந்த எண்ணிக்கை என்று விளம்பரம் செய்து, உலோக மதிப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வரும் நினைவு நாணயங்களை. வண்ணம் பூசியவை, தங்க முலாம் பூசியவை, கல் பதித்தவை எல்லாம் இதில் அடக்கம். விற்கப் போகும் அன்று பெரும்பாலும் உலோகத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள். அந்த நிகழ்வோ அந்த மனிதரோ உங்கள் மனதுக்கு நெருக்கம் என்றால் தாராளமாக ஒன்று வாங்குங்கள். அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

பாதுகாப்பது பெரிய வித்தையில்லை. விளிம்பைப் பிடித்து எடுங்கள், கீழே மெத்தென்று துணி விரித்துக்கொள்ளுங்கள். மென்மையான பிவிசி உறை வேண்டாம், அதுதான் பச்சைப் பிசுக்கை விடுகிறது. மைலார் உறையோ கடினமான அக்ரிலிக் கூடோ போதும். ஈரம் ஆகாது, ரப்பர் பட்டை ஆகாது. வெள்ளியைக் காகிதப் பெட்டியில் நாட்கணக்கில் வைக்காதீர்கள். உங்களிடம் என்ன இருக்கிறது என்று வெளியே சொல்ல வேண்டாம், ஆனால் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேகரித்தவர் போன பிறகு அரிய நாணயங்களைப் பிள்ளைகள் எடைக்குப் போட்டுவிட்ட கதைகளைக் கேட்டால் வயிறு எரியும்.

அதற்கும் சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நாணயம், ஆண்டு, நீங்களே நிறுத்த எடை, குறுக்களவு, வாங்கிய நாள், கொடுத்த விலை, அன்றைய உலோக மதிப்பு. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தனி நெடுவரிசை போடுங்கள். ஆண்டு முடிவில் அந்த நெடுவரிசையைக் கூட்டினால், உங்கள் பொழுதுபோக்கு அந்த ஆண்டு எவ்வளவு செலவு வைத்தது என்று தெரியும். மீதி உங்கள் சேமிப்பு.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று. முதல் ஆண்டுக்குள்ளேயே ஒரு நாணயத்தை விற்றுப் பாருங்கள். பணம் தேவைப்பட்டு அல்ல, பாதை தெரிந்துகொள்ள. மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஒருவர் எடை போட்டுத் தங்க விலை சொல்வார், ஒருவர் ஆண்டைப் பார்ப்பார், ஒருவர் உருப்பெருக்கியை எடுத்துக் குதிரையின் காலடியில் ஊர் எழுத்தைத் தேடுவார். அந்த மூன்றாமவரிடம் அடுத்த நாணயத்தை வாங்குங்கள்.